நித்திரைப் பொம்பொன்

கஞ்சா என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் சனம் முதலில் சுற்றுமுற்றும் பார்க்கும், பிறகு குரலைத் தாழ்த்தி விலை கேட்கும். ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் நான் வேலை செய்கிற கடையில் இது தினமும் நடக்கிற கூத்து. நாங்கள் விற்பது போதை ஏறாத சாமான். செடி அதுதான், ஆனால் தலையைச் சுற்றவைக்கிற சத்து இல்லையென்றே சொல்லலாம். மிச்சமிருக்கிற சத்துக்கு இங்கே பிரெஞ்சில் சேபேடே, அதாவது சிபிடி, என்று பெயர். கடையின் முன்பக்கம் எண்ணெய்ப் போத்தல்கள், பின்பக்கம் சின்னக் குசினி. அந்த எண்ணெயைப் பழச்சாற்றோடு கிண்டி அச்சில் ஊற்றி ஜெல்லி இனிப்பாக்குவதும், பிறகு முன்னால் வந்து விற்பதும் என் வேலை. இனிப்பை இங்கே பொம்பொன் என்பார்கள். நித்திரை வராதவர்களும் நோக்காட்டுக்காரரும்தான் பெரும்பாலும் வருவார்கள்.

என் பெயர் ரெஜினா. மன்னாரிலிருந்து இளம் வயதில் வந்தேன். தம்பி தங்கச்சிமாரை ஒவ்வொருவராகக் கரைசேர்த்து நிமிர்ந்து பார்த்தபோது எனக்குக் கலியாண வயது தாண்டியிருந்தது. எங்கள் சனத்தின் கடைத்தெருக்கள் இருக்கிற இந்த லா ஷப்பலில் எனக்கு இப்படியொரு பெயர் இருப்பது தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லாருக்கும் நான் அக்கா. கவுண்டருக்குப் பின்னால் நின்று ஊருக்கெல்லாம் அக்காவாகவும் அண்ணையாகவும் வயது போனவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

மாடு

நெற்றி நிறையத் திருநீறோடு ஒரு ஐயா வந்தார். இது கஞ்சாச் செடியிலிருந்து எடுத்தது, வெறிக்காது, பயப்படத் தேவையில்லை என்று நான் நீளமாக விளங்கப்படுத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். ஜெல்லியைக் கண்ணாடியை உயர்த்திவிட்டுப் பார்த்தார், மணந்தும் பார்த்தார். கடைசியில் கவுண்டரில் சாய்ந்து கேட்டார்: "கஞ்சா எண்டா கஞ்சாதான் பிள்ளை, அதுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. உது இறுகிறதுக்கு மாட்டுக் கொழுப்புக் கிழுப்புச் சேர்த்தனீங்களோ?"

முகமூடி

நல்ல வெயில் நாள். ஒரு அம்மா முகமூடி, கறுப்புக் கண்ணாடி, தலையைச் சுற்றிய சால்வையோடு வந்து முழங்கால் நோவுக்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. அதே முகமூடி, அதே கறுப்புக் கண்ணாடியோடு இன்னொரு அம்மா. இரண்டு பேரையும் எனக்குத் தெரியும், ஞாயிறு பூசைக்கு ஒரே வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவர்கள். அவர்களுக்கும் ஒருவரை ஒருவர் தெரிந்துவிட்டது. நான் பொம்பொன் பெட்டியை மெல்லக் கவுண்டருக்குக் கீழே வைத்தேன்.

வந்தவர்தான் முதலில் வாயைத் திறந்தார்: "இஞ்சை பஸ் எத்தினை மணிக்கு வரும்?" உள்ளே நின்றவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை: "நானும் அதைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

சிக்னல்

நான் சனிக்கிழமைக்காரர் என்று பெயர் வைத்தவர் முதலில் வந்தது, குளிர் தொடங்கிய ஒரு சனிக்கிழமை. புதுச்சேரி மனிதர். மெத்ரோ ரயில் ஓட்டி, ரெத்ரேத் எடுத்து ஓய்வில் இருப்பவர், மனைவியை இழந்தவர். நரைத்த மீசையை ஒழுங்காக வெட்டியிருப்பார். வாசலில் சப்பாத்தைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். என்ன செய்கிறது என்று கேட்டேன். "கண்ணை மூடுனா சுரங்கம் வருதுங்க. சிக்னல் சிவப்பாவே நிக்குது, பச்சை விழவே மாட்டேங்குது" என்றார்.

தோடம்பழ ஜெல்லி கொடுத்தேன். நான் எதற்கும் உத்தரவாதம் சொல்வதில்லை, அவருக்கும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வந்தார், அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தார். கொஞ்சம் நின்று கதைப்பார். என்னை அக்கா என்றும் கூப்பிடவில்லை, தங்கச்சி என்றும் கூப்பிடவில்லை. 'ங்க' போட்டே சமாளித்தார். இனி எந்த நிமிடமும் தங்கச்சி என்று சொல்லிவிடுவாரோ என்று ஒவ்வொரு கிழமையும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பேன். இந்த வயதில் இது என்ன கூத்து என்று என்னையே திட்டினேன். திட்டிக்கொண்டே வெள்ளிக்கிழமை தலைக்கு மை பூசினேன். அவர் அதைக் கவனித்தாரோ தெரியாது. "வெளியில நல்ல வெளிச்சம் போலிருக்குதுங்க, கடையே பளிச்சுன்னு இருக்கு" என்றார். அன்றைக்கு வெளியே மழை.

டெஸ்ட்

தமிழ்நாட்டிலிருந்து வந்து கணினி வேலை பார்க்கிற ஒரு தம்பி. வேலை அழுத்தமாம், இரவு முழுக்க முழிப்பாம். ஆனால் ஆபீசில் டெஸ்ட் எடுத்தால் காட்டுமா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். துளியளவு இருந்தாலும் சில நேரம் காட்டும், வேலைக்கு ஆபத்தென்றால் வேண்டாம் என்று உண்மையைச் சொன்னேன். பெட்டியை மரியாதையாகத் திருப்பி வைத்தார். "அப்ப ஸ்ட்ரெஸ்ஸே இருக்கட்டும்க்கா. அதுக்கு எவனும் டெஸ்ட் எடுக்க மாட்டான்."

தோடம்பழம்

தை மாதமளவில் சனிக்கிழமைக்காரரின் முகம் தெளிந்துவிட்டது. கண்ணுக்குக் கீழே இருந்த கருமை போய்விட்டது. பச்சை விழுகிறதா என்று கேட்டேன், சில நாள் விழுகிறது என்று சிரித்தார். எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோசத்தோடு குசினிக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். நித்திரை வந்துவிட்டால் இந்த மனிதர் இனி எதற்கு இந்தப் பக்கம் வரப்போகிறார்?

எண்ணெயைக் கொஞ்சம் குறைத்து ஊற்றினால் யாருக்குத் தெரியப்போகிறது என்று மனம் சொன்னது. கை கேட்கவில்லை, வழக்கமான அளவுதான் ஊற்றியது. ஒரு மனிதர் நன்றாக நித்திரை கொள்ளட்டும் என்று கிண்டிக்கொண்டே, கொள்ளாமல் என்னிடம் வரட்டும் என்றும் ஏங்கினேன். முதலாளி கபிலன் என்னைவிட இளையவர், நல்ல பிள்ளை. குசினிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அக்கா, போன கிழமைத் தோடம்பழமே இன்னும் கிடக்குது. திரும்ப ஆருக்குக் கிண்டுறீங்கள்?"

வராத சனிக்கிழமைகள்

பிறகு ஒரு சனிக்கிழமை அவர் வரவில்லை. அடுத்ததும் வரவில்லை. கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து பார்த்துக் கழுத்து நொந்துபோனது. சுகமாக நித்திரை கொள்கிறார் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். எனக்குத்தான் நித்திரை போய்விட்டது. நான் செய்த பொம்பொன்னையே எடுத்துச் சாப்பிட்டும் பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை.

சாமரம் வீச ஆளில்லாத ராணி போலக் கவுண்டரில் நாடியைக் கையில் தாங்கிக்கொண்டு இருந்த ஒரு சனிக்கிழமை, வாசலில் சப்பாத்துத் துடைக்கும் சத்தம். உள்ளே வந்தார். முகம் நன்றாகத் தூங்கி எழுந்த முகம், ஆனால் ஆள் மெலிந்திருந்தார். நான் வழக்கமான பெட்டியை எடுத்தேன். அவர் வேண்டாமென்று கையை ஆட்டினார். அவ்வளவுதான், நன்றி சொல்லிவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். இனி வரமாட்டீங்களோ என்று கேட்டேவிட்டேன்.

தொப்பியைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "தூக்கம் வந்துடுச்சுங்க, நீங்க புண்ணியவதி. ஒண்டியா உக்காந்து சாப்பிடத்தான் முடியல. அதுக்கு உங்க கடையில ஏதாச்சும் இருக்குதுங்களா?"

எங்கள் கடையில் உள்ள எந்தச் சாமானும் அதற்குக் கேட்காது என்று தொழில் நேர்மையோடு சொல்லிவிட்டு, மத்தியானம் ஒரு மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு நான் சாப்பிடப் போவேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.