சட்டையைக் கழற்றச் சொல்லும் கோயிலுக்கு ஒரு பயணம்

போன வைகாசியில் தூத்துக்குடிக்குப் போய்வந்தேன். ரயிலில் இரண்டு இரவு, ஊரில் இரண்டு பகல். அக்கா மகளுக்குக் காதுகுத்து. எங்கள் பக்கத்தில் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். அப்பாவும் அம்மாவும் உயிரோடு இல்லை. அக்காவுக்கு உடன்பிறந்தவள் நான் ஒருத்திதான். அந்த ‘ஒருத்தி’ இந்தப் பக்கத்தைப் படிக்கும் உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு அக்காவுக்குத் தெரியாது. அவளுக்கு நான் தம்பி.

மருத்துவர் சொன்னபடி ஹார்மோன் மாத்திரை எடுக்க ஆரம்பித்து அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது. நெஞ்சின் இரண்டு பக்கமும் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி, அதன்மேல் மெல்லிய மேடு. சட்டை போட்டிருந்தால் உற்றுப் பார்ப்பவருக்கு மட்டும் தெரியும். கழற்றிவிட்டால் எல்லாருக்கும் தெரியும். பேருந்தில் யாருடைய முழங்கையாவது பட்டால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அந்த வலி எனக்கு ரகசியமாகப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடம் கழித்து உடம்பு என் பக்கம் வருகிறதே என்று ஒரு மயக்கம்.

கோயிலில்தான் சிக்கல். எங்கள் சாஸ்தா கோயில் உடன்குடிக்கு அப்பால், தேரிக்காட்டுச் செம்மணலுக்குள் இருக்கிறது. ஆண்கள் சட்டை, பனியன் இரண்டையும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். துண்டைப் போர்த்திக்கொள்ளலாமா என்றால் அதுவும் முடியாது, சாமி முன்னால் துண்டு இடுப்பில்தான் இருக்க வேண்டும். மாமன் வெற்றுமார்போடு உட்கார, பிள்ளை அந்த மார்பில் சாய, ஆசாரி காது குத்துவார். நாற்பது ஐம்பது சொந்தக்காரர்கள் சுற்றி நிற்பார்கள். போகாமலே இருந்துவிடலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். எனக்குப் பதிலாக உட்கார வேறு மடி கிடையாது. டிக்கெட் போட்டுவிட்டேன்.

எழும்பூரில் மாலை ஏழரைக்கு ரயில். சுமார் 650 கிலோமீட்டர், பதினோரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மூன்றடுக்கு ஏசிக்கு ஆயிரத்து நூறு ரூபாய் சொச்சம். என் நிலையில் இருப்பவர்கள் ஏசி பெட்டியே எடுங்கள், சொகுசுக்காக இல்லை, போர்வைக்காக. நெஞ்சை அமுக்கும் இறுக்கமான விளையாட்டு பனியனை (இணையத்தில் 749 ரூபாய்) ராத்திரி முழுக்கப் போட்டுக்கொண்டு தூங்கக் கூடாது. கழிப்பறையில் அதைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டுப் போர்வைக்குள் சுருண்டேன். விழுப்புரம் வந்ததும் தெரியாது, மதுரை போனதும் தெரியாது. தூங்கினேனா விழித்திருந்தேனா என்று இன்றுவரை நிச்சயமில்லை. ஏழு மணிக்கு முன்பே தூத்துக்குடியில் இறங்கியபோது காற்றில் உப்பும் மீனும் வாசமடித்தன.

பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் தொள்ளாயிரம் ரூபாய்க்கு அறை எடுத்தேன். அதற்கு அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

“ஏலே, வீடு இருக்கையில லாட்ஜுல போய்க் கெடக்கியே, ஒனக்கு அறிவு இருக்கா?”

“ஆபீஸ் வேல கொஞ்சம் இருக்குக்கா, ராத்திரி போன் பேசணும்.”

தாழ்ப்பாள் உள்ள கதவு வேண்டும் என்று எப்படிச் சொல்வது? அக்கா வீட்டில் குளியலறைக்கே திரைச்சீலைதான். பகல் முழுக்க அங்கேதான் இருந்தேன். பிள்ளைக்கு ஒன்றே கால் வயது. என்னைக் கண்டதும் தாவி வந்தாள். தூக்கினால் நேராக நெஞ்சில்தான் முட்டுவாள். இடுப்பில் வைத்துக்கொண்டே சமாளித்தேன்.

சாயங்காலம் துறைமுகக் கடற்கரைக்குப் போனோம். அத்தான் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் கம்பெனி ஒன்றில் கணக்கர். பைக்கில் ஏறச் சொன்னார். அவர் பிரேக் போட்டால் என் நெஞ்சு அவர் முதுகில் மோதுமே. பைக் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஒரு சாக்குச் சொல்லி டவுன் பஸ்ஸில் போனேன். டவுன் பஸ்ஸில் திருநங்கைகளுக்கு டிக்கெட் கிடையாது, தெரியுமல்லவா? நான் பத்து ரூபாய் கொடுத்து ஆம்பளை டிக்கெட் வாங்கிக்கொண்டு போனேன்.

அந்தக் கடற்கரையில் அலை பெரிதாக அடிப்பதில்லை. தண்ணீர் வந்து காலை நனைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போகும். தூரத்தில் உள்ளே வர முறைக்குக் காத்திருக்கும் கப்பல்கள், நகர்கின்றனவா நிற்கின்றனவா என்றே தெரியவில்லை. அத்தான் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீருக்குள் போனார். “வா மாப்ள” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். சளி என்றேன். பனியன் இறுக்கத்தில் பாதி மூச்சுதான் உள்ளே போகும். அதிலேயே ஒரு கிறக்கம். வானமும் கடலும் ஒரே சாம்பல் நிறமாகி, எனக்கு உடம்பே இல்லாதது போலச் சிறிது நேரம் நின்றேன். அது நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமைதான் விசேஷம். மாமன் அக்கா வீட்டு வேனில் போகக் கூடாது. சீர்த்தட்டோடு தனியாக வந்து இறங்க வேண்டும், வாசலில் வந்து அழைப்பார்கள். அதனால் காலை ஐந்து இருபதுக்குத் திருச்செந்தூர் பஸ். நாற்பது கிலோமீட்டர், ஒன்றே கால் மணி நேரம், நாற்பது ரூபாய். இடப்பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். விடியும் நேரத்தில் உப்பளங்கள் ஒவ்வொன்றாக வெளுக்கும். பாத்திகளில் வானம் கிடந்தது. ஒரு பெண் பாத்தி வரப்பில் தனியாக நடந்து போனாள், அவள் நிழலும் தண்ணீரில் தலைகீழாக நடந்து போனது. காயல்பட்டினம் தாண்டும்வரை நான் பயத்தையே மறந்திருந்தேன்.

என் திட்டத்தை இப்போது சொல்கிறேன், சிரிக்காதீர்கள். பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளும் மாமனுக்கு மாலை போடுவார்கள். துண்டுக்குத்தான் தடை, மாலைக்கு இல்லை. எனவே திருச்செந்தூரில் சம்பங்கியும் ரோஜாவும் சேர்த்துக் கட்டிய, கழுத்திலிருந்து தொடை வரைக்கும் வரும் மாலை ஒன்றை 650 ரூபாய்க்கு வாங்கினேன். அகலத்தைப் பூக்கடைக் கண்ணாடி முன் வைத்தும் பார்த்துக்கொண்டேன். இரண்டு பக்கமும் தாராளமாக மறைந்தது. அங்கிருந்து கோயிலுக்கு ஆட்டோ, இருபத்திரண்டு கிலோமீட்டர், எழுநூறு ரூபாய்.

ஓட்டுநருக்கு ஐம்பது வயது இருக்கும். மாலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“தம்பிக்குக் கல்யாணமா?”

“இல்ல அண்ணாச்சி, அக்கா பிள்ளைக்குக் காதுகுத்து. நான் தாய்மாமன்.”

“அப்ப மால யாருக்கு?”

“எனக்குத்தான்.”

அவர் வண்டியை ஓரமாக நிறுத்தியே விட்டார். “மாமனுக்கு மால அக்கா வீட்டுலல்லா போடுவாவ. நீங்களே வாங்கிட்டுப் போறீயளே. போட மாட்டாவன்னு பயமா?”

நானும் சிரித்துவைத்தேன். நான் செய்வது எவ்வளவு கோணலானது என்பது அப்போதுதான் உறைத்தது.

உடன்குடி தாண்டியதும் நிலம் சிவக்கத் தொடங்கும். அப்புறம் பனையும் மணலும்தான். வண்டி போன தடத்தைக் காற்று உடனே மூடிவிடுகிறது. வெயில் ஏறாத நேரத்தில் அந்தச் சிவப்பு, கண்ணை மூடினால் இமைக்குள் தெரியுமே, அந்தச் சிவப்பு. தேரியைப் பார்க்க வருகிறவர்கள் காலை எட்டு மணிக்குள் வந்துவிடுங்கள். நான் இறங்கும்போது ஏழே முக்கால்.

வாசலில் அக்காவும் அத்தானும் வந்து அழைத்தார்கள். பூசாரி என் கையிலிருந்த மாலையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். “மாமன் சாமிக்குக் கொண்டாந்த மாலயப் பாருங்கய்யா, இதுல்லா மால” என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். வாயைத் திறக்கக்கூட நேரமில்லை. சாஸ்தா கழுத்தில் அது வெகு பொருத்தமாக இருந்தது. சாமிக்குப் போட்டதைத் திருப்பிக் கேட்கவா முடியும்? எனக்கென்று அக்கா வாங்கி வைத்திருந்தது விரல் தடிமனில் ஒரு துளசி மாலை.

“சட்டையக் கழட்டிட்டு வாங்க மாமன்காரரே, நேரமாவுது” என்றார் பூசாரி.

மேல் பித்தானைக் கழற்றினேன். மறுபடி போட்டேன். “என்ன மாப்ள, வெக்கமா?” என்று அத்தான் கேட்க எல்லாரும் சிரித்தார்கள். அக்காவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கோயிலின் பின்பக்கம் பனைகளுக்கு நடுவே போனேன்.

“நான் சட்டையக் கழட்ட முடியாதுக்கா. நெஞ்சுல…”

அவள் முகம் வெளிறிவிட்டது. “ஏலே, கட்டியா? அம்மைக்கு வந்த மாதிரியா?” அம்மா மார்பில் கட்டி வந்துதான் போனாள். இதை நான் எப்படி யோசிக்காமல் போனேன்?

“நோய் இல்லக்கா. சத்தியமா இல்ல. நானாத்தான் மாத்திர சாப்பிட்டு வர வச்சேன். நான் பொம்பளையா மாறிக்கிட்டு இருக்கேன். ஏழு மாசமாச்சு.”

அக்கா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். கோயிலில் மணி அடித்தது, யாரோ எங்களைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்து என் தோளில் பட்டென்று ஓர் அடி வைத்தாள். திட்டப் போகிறாள் என்று நின்றேன்.

“வலிக்கா?” என்றாள்.

“தொட்டா வலிக்கும்.”

“பிள்ள தலைய முட்டுவாளே.”

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று போனாள். பிள்ளையைத் துவட்டும் தடித்த துண்டை எடுத்து நான்காக மடித்தாள். “பூசாரி அண்ணாச்சி, பிள்ளைக்கு ராத்திரியிலேருந்து வாந்தி. மாமன் நெஞ்சுல இது இருக்கட்டும்.” பூசாரி தயங்கினார். “சாமி முன்னாடி மார்ல துணி போடப்படாதும்மா.” அக்கா குரலை உயர்த்தினாள். “வாந்தியெடுத்து சன்னதி நாறுனா பரவாயில்லியா?” அவர் ஒதுங்கி வழிவிட்டார். நான் சட்டையையும் பனியனையும் கழற்றும்போது எனக்கும் கூட்டத்துக்கும் நடுவில் அவள் நின்றுகொண்டாள். துண்டை வைத்துப் பிள்ளையை அதன்மேல் சாய்த்தாள். ஓரம் நழுவாமல் கடைசிவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

ஆசாரி முதல் காதைக் குத்தியதும் பிள்ளை உடம்பை வில்லாக வளைத்து என்னை முட்டினாள். துண்டு இருந்தும் உயிர் போய்விட்டு வந்தது. “பிள்ளைக்கு முன்னால மாமன் அழுதாச்சி” என்று ஆசாரி சொல்ல, மறுபடியும் சிரிப்பு. நான் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தேன், வலிக்காக மட்டும் இல்லை. இரண்டாவது காதும் முடிந்து அவள் என் கழுத்தில் முகம் புதைத்து விசும்பியபோது, இந்த மடியை இன்னும் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்கிறேனே என்று சாஸ்தாவிடம் கேட்டேன்.

பந்தியில் அக்கா எல்லாருக்கும் பாயசம் ஊற்றினாள். என் இலைக்கு வந்ததும் வாளியை அத்தானிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

என்னைப் போல ஊருக்குப் போகிறவர்களுக்குச் சில சொல்ல வேண்டும். கிரேப் பேண்டேஜ், ஒட்டும் டேப் எதையும் நெஞ்சில் சுற்றாதீர்கள். நான் ஒருமுறை சுற்றி மின்சார ரயிலில் மயங்கி விழப் பார்த்தேன். பனியனை எட்டு மணி நேரத்துக்கு மேல் போட வேண்டாம், தென்மாவட்ட வெயிலில் அதையும் குறைத்துக்கொள்ளுங்கள். மூச்சு முட்டினால் மானம் அப்புறம், முதலில் கழற்றுங்கள். கோடு, கட்டம் போட்ட தொளதொள சட்டை மறைக்கும். மெல்லிய வெள்ளைச் சட்டை காட்டிக்கொடுக்கும். போகிற இடத்தின் வழக்கம் என்ன என்று முன்பே கேளுங்கள். மாலையை நம்பாதீர்கள். முடிந்தால், உங்களுக்குப் பாதுகாப்பு என்று தோன்றும் ஒரே ஒருவரிடம் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். நான் மூன்று நிமிடத்தில் சொன்னதைக் கேட்டுச் செரிக்க அக்காவுக்கு ஒரு மாதமாவது கிடைத்திருக்க வேண்டும்.

திரும்புகிற ரயில் அன்று இரவு எட்டே காலுக்கு. நடைமேடையில் நின்றுகொண்டிருந்தேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அக்கா தனியாக ஆட்டோவில் வந்து இறங்கினாள். அவள் வருவாள் என்று நான் நினைக்கவில்லை. கண் வீங்கியிருந்தது.

“ஒங்க அத்தான்ட்ட சொல்லல. அது நீதான் சொல்லணும்.”

“சரிக்கா.”

“இவ ஒன்ன என்னன்னு கூப்புடணும்?”

பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. “சித்தின்னு கூப்பிட்டா எனக்குச் சந்தோஷமா இருக்கும்.”

“சித்திக்கு மடி கெடையாது. இவ ஆளானா ஓலக் குடிச கட்ட மாமன் வேணும். கல்யாணத்துல மால எடுத்துக் குடுக்க மாமன் வேணும். எவனப் போய்க் கூப்புடுவேன்? எனக்கு இருந்தது ஒரே தம்பி.”

“தெரியும்க்கா.”

“தெரிஞ்சுதான் செஞ்சியா?”

“ஆமா.”

அவள் கொஞ்ச நேரம் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு அழுதாள். வண்டி கிளம்ப மணி அடித்ததும் நான் பெட்டி வாசலில் ஏறி நின்றேன். பிள்ளையை நீட்டினாள். தலை நெஞ்சில் படாதபடி என் தோளில் அவளே பார்த்து வைத்தாள். பிள்ளை தூக்கக் கலக்கத்தில் இருந்தாள். காது மடல் சிவந்து, மஞ்சள் வைத்த இடத்தில் சிறிய தங்கக் கம்பி. ஒருமுறை முகர்ந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

வண்டி நகர்ந்தது. அக்கா கூடவே நாலடி நடந்து வந்தாள்.

“காது குத்தியாச்சி. இனி நீ யாரா இருந்தாலும், இவ காது ஒன் மடியில குத்துனதுதான்.”