காய்ந்த டயப்பருக்குக் கைதட்டல்

முதியோர் இல்லத்தில் யாராவது 'மாற்றம்' என்று வாயைத் திறந்தால் இன்றைக்கும் எனக்குச் சுர்ரென்று ஏறுகிறது. ஏனாத்தூர் போகிற வழியில் இருக்கும் எங்கள் இல்லத்தில் நான் தலைமை நர்ஸ். போன வருஷம் நிர்வாகம் கை மாறியது. புதிதாக வந்த மேனேஜர் எங்களை உட்காரவைத்துச் சுவரில் படம் காட்டினார். புதுமையாம், திறனாம், வசதியாம். விஷயம் இவ்வளவுதான்: ராத்திரி ஷிப்டில் ஆளைக் குறைக்கப் போகிறார்கள். அதற்குப் பதிலாக, தங்கியிருக்கிற எல்லாருக்கும் ராத்திரி டயப்பர்.

"நடந்து பாத்ரூம் போறவங்களுக்குமா சார்?" என்று கேட்டேன்.

"விழுந்துட்டா யார் சிஸ்டர் பொறுப்பு? நீங்க எந்த சேஞ்ச் வந்தாலும் எதுக்கறீங்க" என்றார். சிரித்துக்கொண்டே வேறு சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்களிடம் ஓர் அம்மா இருக்கிறார். பட்டு நெசவுக் குடும்பம். ஆயுசெல்லாம் தறிக்குப் பாவு நூல் பிணைத்தவர். பக்கவாதத்தில் இடது கால் இழுத்துக்கொண்டாலும், ஒரு கை கொடுத்தால் கழிப்பறை வரை நடந்துவிடுவார். அந்த நடை போய்விடக் கூடாதென்று நானும் டாக்டரும் எவ்வளவு பாடுபட்டோம்! அவருக்கும் டயப்பர் போட்டார்கள். வேண்டாம் என்று அழுதிருக்கிறார். "எல்லாருக்கும் ஒரே ரூல்மா" என்று சொல்லி ராத்திரி ஷிப்டுப் பெண் மாட்டிவிட்டாள். அவளைத் திட்டி என்ன பிரயோஜனம்? மாடி முழுக்க அவள் ஒருத்திதான்.

கொஞ்ச நாளில் மேனேஜர் ஏகக் குஷியாக மீட்டிங்குக்கு வந்தார். அந்த அம்மாவின் டயப்பர் காலையில் காய்ந்தே இருக்கிறதாம். புது முறை பலன் கொடுத்துவிட்டது என்று எல்லாரையும் கைதட்டச் சொன்னார். தட்டினார்கள். எனக்கு என்னமோ சரியாகப் படவில்லை. ஆனால் என்னவென்றும் பிடிபடவில்லை.

அந்த வாரமே அந்த அம்மாவுக்குக் குளிர் ஜுரம் வந்து பேச்சு குழறியது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உடம்பில் தண்ணீரே இல்லை, சிறுநீரில் கிருமி என்றார்கள். டிரிப்ஸ் ஏறி அவர் கண் தெளிந்ததும் கேட்டேன்.

"ஏம்மா, தண்ணியே குடிக்கலியா நீங்க?"

"குடிச்சா நனையும்ல? ஈரத்துல கெடந்துட்டு காலைல எப்டிமா துண்ணூறு பூசறது? சாமிக்கு ஆவுமா அது? அதான் மதியானத்தோட நிறுத்திக்கினேன். ராத்திரி மாத்திரையக்கூட எச்சிலோட முழுங்கிக்கினு இருந்தேன்."

அடப்பாவிகளா! காலையில் முகம் கழுவி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, ஏகாம்பரநாதர் கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்ட பிறகுதான் அவர் காப்பியைத் தொடுவார். நனைந்து கிடந்த உடம்போடு அதைச் செய்யவே மாட்டார். புது ஏற்பாட்டில் குளியலோ வெயில் ஏறிய பிறகுதான். அதனால் தாகத்தோடு கிடந்திருக்கிறார். அதற்குத்தான் இங்கே கைதட்டல்.

மேனேஜர் அறைக்குப் போய் வாய்க்கு வந்தபடி கத்தினேன். "உங்கம்மாவுக்கு இப்படி மாட்டிவிடுவீங்களா சார்?" என்றேன். அவர் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். பிறகு, "அப்ப தண்ணி குடிக்கறதுக்கும் ஒரு டைம்டேபிள் போட்டுடலாம் சிஸ்டர்" என்றார். இந்த ஆளை என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள்!

டாக்டரை வரவழைத்து, அவர் வாயாலேயே மேனேஜரிடம் சொல்லவைத்தேன். அந்த அம்மா ஒருத்தருக்கு மட்டும் டயப்பர் நின்றது. மற்றவர்களுக்கு இன்றும் மாட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். அதை நினைத்தால் சோறு இறங்குவதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த அன்று சாயங்காலம் அவரைக் கட்டிலில் உட்காரவைத்தேன். "இனிமே அது கிடையாதும்மா. ராத்திரி கூப்பிட்டா ஆள் வரும். நல்லா குடிங்க" என்று டம்ளரை நீட்டினேன்.

வாங்கிக்கொண்டார். உதடு வெடித்துப்போய்த்தான் இருந்தது. ஆனால் குடிக்கவில்லை. கதவுப் பக்கம் திரும்பி யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். பிறகு என்னிடம் குரலைத் தணித்துக் கேட்டார்:

"இப்ப குடிக்கலாமாம்மா? யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?"