இரும்பு இளைத்த கதை

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு வார்ப்படப் பட்டறையில், வார்க்கும் சாமான்களுக்கு அளவுப்படம் வரைபவனாக இருந்தேன். ஒரு வருடமாகியும் வேலை நிரந்தரமாகவில்லை. வேப்பம்பட்டில் பெண் பார்த்திருந்தோம். "பர்மனென்ட் ஆவட்டும், பேசிக்கலாம்" என்று பெண்ணின் அப்பா சொல்லிவிட்டார். முதலாளி தும்மினால்கூட எழுந்து நின்ற காலம் அது.

முதலாளிக்கு ஞாயிற்றுக்கிழமையானால் சென்னைத் துறைமுகத்தில் பாய்ப்படகுப் பந்தயம். மூன்று பேர் உட்காரும் சின்னப் படகு. பந்தயத்தில் ஓடும் அத்தனை படகுக்கும் ஒரே அளவு, ஒரே எடை. ஓட்டுகிறவரின் சாமர்த்தியம்தான் வித்தியாசம். அடியில் கீல் என்று கனத்த இரும்புத் துண்டு ஒன்று தொங்கும். அது பாறையில் இடித்து விரிசல் விட்டதால், புதிதாக வார்க்கும் வேலை எங்களிடம் வந்தது. படம் என்னுடையது, வார்ப்பு மேஸ்திரியுடையது.

மேஸ்திரி ஆரம்பாக்கத்துக்காரர். படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு என்னைத்தான் முறைத்தார்.

"மெதக்கற வஸ்துவுக்கு அடியில இம்மாம் இரும்பா? தக்கையில அம்மிக்கல்ல கட்டுனா மாதிரி கீதே நைனா. மனுசன் புள்ளகுட்டிக்காரரு."

சொன்னதோடு நிற்கவில்லை. மர அச்சைச் சுற்றிலும் இழைத்து மெலிய வைத்துவிட்டார்; அச்சு மெலிந்தால் அதைப் பார்த்து வார்க்கும் இரும்பும் மெலியும். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பெரியபாளையத்து ஆற்றில் முழங்கால் தண்ணீருக்கு மேல் இறங்கியறியாத எனக்கு, அவர் சொன்னது நியாயமாகவே பட்டது. முதலாளி முழுகிவிட்டால் என்னை நிரந்தரமாக்குவது யார்?

அடுத்த பந்தயத்துக்கு முன்னால் பந்தயம் நடத்துகிறவர்கள் படகைத் தூக்கி எடை போட்டார்கள். ஓர் ஆளின் எடை அளவுக்குக் குறைந்தது. முதலாளியைக் கரையிலேயே உட்கார வைத்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை எங்களைக் கூப்பிட்டார். அவர் கையில் என் படம், அதன் அடியில் என் கையெழுத்து. வேப்பம்பட்டு போச்சு என்று நினைத்தேன்.

"படத்துல தப்பு இல்ல சார். நான்தான் அச்ச எளச்சேன்," என்றார் மேஸ்திரி. "உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா ஊட்டுல அம்மாவுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"எனக்கும் தெரியும் சார்" என்று என் வாயும் திறந்துகொண்டது. அதை இன்றுவரை என் வீரமாகத்தான் சொல்லிக்கொள்கிறேன்.

முதலாளி திட்டவில்லை. "சரியான எடையில மறுபடி வார்த்துக் குடுங்க. அப்புறம் ரெண்டு பேரும் எங்கூட படகுல வரணும்" என்றார். திட்டியிருக்கலாம்.

புதுக் கீலோடு கிளம்பினோம். துறைமுக வாயைத் தாண்டியதும் காற்று பாயில் அறைந்தது. படகு சாய்ந்தது. சாய்ந்துகொண்டே போனது. தண்ணீர் விளிம்பைத் தொட்டதும் முதலாளியின் காலைக் கட்டிக்கொண்டேன்.

"சார், வேலயே வேணாம் சார்! கரைக்கு உட்டுடுங்க சார்!"

அதற்குள் அடியிலிருந்த இரும்பு இழுத்துப் பிடித்தது. படகு மெல்ல நிமிர்ந்தது. நாங்கள் பயந்து சுரண்டிய அந்த எடைதான் எங்களைக் காப்பாற்றியது. எனக்குக் கூச்சமாகப் போயிற்று.

முதலாளி சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். என் நிரந்தர உத்தரவு. "இத எதுக்குக் கொண்டாந்தேன்? வேணாங்கிறாரே!" என்று மேஸ்திரியிடம் கேட்டார்.

பாய்மரத்தை இரு கையாலும் கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரி, கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"இங்க குடுக்காதீங்க சார். கரையில போய்க் கேளுங்க, வேணும்பாரு."