கட்டினவன்தான் அவிழ்க்க வேண்டும்

அந்த விசாரணையை நினைத்தால் தின்ற சோறு இன்றைக்கும் செரிக்க மாட்டேன் என்கிறது.

ஒரகடத்துக்கும் வடக்குப்பட்டுக்கும் நடுவில் ஒரு தனியார் தொழிற்பேட்டை. அங்கே கம்பெனிகளுக்குக் கரண்ட் கொண்டுபோகிற லைன்களைப் பார்த்துக்கொள்ளும் கான்ட்ராக்ட் வேலை எனக்கு. கூட்டாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். வயதில் என்னைவிடக் கொஞ்சம் சின்னவன், பொறுமையில் ரொம்பப் பெரியவன். கோபப்படுகிற வேலையை மொத்தமாக எனக்கே விட்டுவிட்டான்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கம்பத்தில் ஏறப்போகிறவன் முதலில் சுவிட்சின் கைப்பிடியை இறக்கி லைனை ஆஃப் பண்ணிப் பூட்டுவான். அப்புறம் தன் தோள் துண்டை அந்தக் கைப்பிடியில் இரண்டு முடிச்சு போட்டுக் கட்டுவான். துண்டு தொங்கினால் மேலே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். கட்டினவன்தான் இறங்கிவந்து அவிழ்க்க வேண்டும். பெற்ற தகப்பனே வந்தாலும் தொடக் கூடாது. பூட்டுக்காவது மாற்றுச் சாவி உண்டு, துண்டுக்கு அது கிடையாது.

அப்புறம் ஆட்டோமேஷன் வந்தது. ஒவ்வொரு சுவிட்சிலும் மோட்டாரை வைத்தார்கள். மோட்டார் சுற்ற இடைஞ்சல் என்று பூட்டுகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பேட்டையின் மறுகோடியில் ஒரு ஏசி ரூம், அதில் சுவர் அகலத்துக்குத் திரை. எந்த லைன் போனாலும் புரோகிராமே யோசித்து வேறு வழியில் கரண்டைத் திருப்பிவிடுமாம். உற்பத்தி ஒரு நிமிஷம் நின்றால் எவ்வளவு நஷ்டம் தெரியுமா என்று வகுப்பெடுத்தார் பேட்டை மேனேஜர். கம்பத்தில் இருக்கிறவன் போனால் யாருக்கு நஷ்டம் என்று கேட்டேன். ஏறுவதற்கு முன்னால் ரூமுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான் என்றார்.

சொன்னோம். அன்று மதியம் ஒரு கம்பத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கான் விரிசல் விட்டிருந்தது. ஏசி ரூம் தம்பி திரையிலேயே எங்கள் லைனை ஆஃப் பண்ணிவிட்டு, நோட் பண்ணிக்கொண்டேன், ஏறுங்கள் என்றான். கூட்டாளி வழக்கம்போலத் துண்டைக் கட்டினான். மேலே போய்க் கம்பிகள் மூன்றையும் சங்கிலியால் இணைத்து மண்ணோடு சேர்த்தான். தப்பித்தவறிக் கரண்ட் வந்தால் அது தரைக்குப் போகட்டும் என்பதற்கு.

அந்த நேரம் பார்த்துப் பேட்டையின் இன்னொரு மூலையில் ஒரு கன்டெய்னர் லாரி கம்பியில் உரசி, அங்கே லைன் போய்விட்டது. புரோகிராம் யோசித்தது. அதற்குக் கிடைத்த வேறு வழி எங்கள் லைன்.

என் கண்ணெதிரே கைப்பிடி தானாக மேலே எழும்பியது, துண்டையும் சேர்த்துக்கொண்டு. பாய்ந்து பிடித்துத் தொங்கினேன். மோட்டாரோடு மல்லுக்கட்ட முடியுமா? மேலே டமார் என்றது. நிமிர்ந்து பார்த்தால் சங்கிலி நெருப்பைக் கக்கிக்கொண்டிருந்தது, அவன் பெல்ட்டில் தலை கவிழ்ந்து தொங்கினான். செத்தான் என்றே நினைத்தேன். சங்கிலி காப்பாற்றியது. வலது கை முழங்கை வரை வெந்துபோனது, உயிர் தங்கியது.

விசாரணை வைத்தார்கள். தம்பி எங்கே நோட் பண்ணினான்? மேஜைக்குப் பின்னால் இருந்த வெள்ளைப் பலகையில். வேறெங்கே பண்ணுவான், பாவம்? அந்தத் திரையில் கம்பத்துக்கு இடம் இருக்கிறது, சுவிட்சுக்கு இருக்கிறது, கம்பெனிக்குப் பச்சை விளக்கே இருக்கிறது. ஆளுக்கு மட்டும் இடம் வைக்கவில்லை. அடுத்த வெர்ஷனில் வந்துவிடும் என்றார் அதைச் செய்துகொடுத்த கம்பெனிக்காரர். அடப்பாவிகளா!

அதற்கப்புறம்தான் மேனேஜர் ஒரு பிளாஸ்டிக் பையை மேஜைமேல் வைத்தார். உள்ளே கருகிய கிரீஸோடு கூட்டாளியின் துண்டு. மோட்டார் கைப்பிடியில் அன்னியப் பொருள் சிக்கியிருந்ததாம், அது யாருடையது என்று தெரிய வேண்டுமாம்.

கட்டுப் போட்ட கையோடு கூட்டாளி எழுந்தான். "என்னோடதுதான் சார்."

"எதுக்குக் கட்டுனீங்க?"

"நான் மேல இருக்கேன்னு சொல்லத்தான்."

"யாருக்கு?"

அந்த மனுஷனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்டிருக்க வேண்டும். இனி சுவிட்சில் எதையும் கட்டக் கூடாது என்று உத்தரவு போட்டுக் கூட்டத்தை முடித்தார்கள். கை வெந்தவனுக்கு மெமோ, கருகின துண்டுக்குப் பத்திரமாக ஒரு பை!

கை ஆறி அவன் வேலைக்குத் திரும்பிய அன்றைக்கே இன்னொரு கம்பத்தில் ஏறச் சொன்னார்கள். புதுத் துண்டோடு வந்திருந்தான். சுவிட்சுப் பக்கம் போனவனைப் பிடித்து நேரே ஏசி ரூமுக்கு இழுத்துக்கொண்டு போனேன். தம்பி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கம்ப்யூட்டரின் கீபோர்டைச் சுற்றித் துண்டைக் கட்ட வைத்தேன். இரண்டு முடிச்சு.

"புரோகிராமை நிறுத்து தம்பி. இவரு எறங்கி வந்து அவுக்குற வரிக்கும் எவனும் இதுல கை வெக்கக் கூடாது," என்றேன்.

பர்மிஷன் வாங்க வேண்டும் என்று இழுத்தான். வாங்கிக்கொள், நான் எங்கேயும் போகவில்லை என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவன் என்னைப் பார்த்தான், கூட்டாளியின் கைத் தழும்பைப் பார்த்தான். மவுஸால் தட்டி லைனை ஆஃப் பண்ணினான், இன்னும் இரண்டு தட்டு தட்டிப் புரோகிராமை நிறுத்தினான். கூட்டாளி வேறொரு ஆளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கம்பத்துக்குப் போனான்.

கொஞ்ச நேரத்தில் மேனேஜர் வந்தார். புரோகிராமை நிறுத்தச் சொன்னது யார், இதென்ன கந்தல் என்று கத்திக்கொண்டே முடிச்சை அவிழ்க்கக் கையை நீட்டினார். நான் எழுந்தேன். அன்றைக்கு அவரை அடித்திருப்பேன், சத்தியமாக.

அதற்குள் தம்பி குறுக்கே கையை வைத்துவிட்டான்.

"தொடாதீங்க சார். மேல ஆள் இருக்காரு."