காலாண்டு முடிய நான்கு நாள்

1. தொலைபேசி

"தங்கச்சி, நான் தவராசா கதைக்கிறன். காலில ஒரு கொப்புளம். நோகேல்லை, சும்மா தண்ணி வடியுது."

2005ஆம் ஆண்டு ஜூன் மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை. ஜேர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் ஒரு குடும்ப மருத்துவரின் வரவேற்பு மேசையில் நான் பணியாற்றிய காலம். காத்திருப்போர் அறையின் வெண்திரைகள் காற்றில் மெல்ல உப்பித் தாழ்ந்துகொண்டிருந்தன. அந்தக் கோடையை நினைக்கும்போதெல்லாம் அத்திரைகளே முதலில் அசைகின்றன. குரல்கள் அவற்றுக்குப் பின்னாலிருந்து வருவதுபோல மெதுவாக வந்து சேர்கின்றன.

தவராசா அண்ணை சலவைத் தொழிற்சாலை ஒன்றில் நாள் முழுதும் நின்றபடி விடுதிகளின் படுக்கை விரிப்புகளை அழுத்தித் தேய்ப்பவர். நீண்ட நாள் நீரிழிவு நோயாளி.

"எப்பயிருந்து அண்ணை?"

"அம்மாள் கோயில் தேருக்குப் பிறகு. கார் விட்ட இடத்திலயிருந்து வெறுங்காலோட நடந்தனாங்கள். தார் கொதிக்குதெண்டு என்ர மனிசி துள்ளினவ. எனக்கு ஒண்டும் தெரியேல்லை. அம்மாளின்ர அருளெண்டு நினைச்சன்."

மருத்துவச் சீர்திருத்தத்தின் பேரில் முந்தைய ஆண்டு ஒரு நடைமுறை வந்திருந்தது. ஒவ்வொரு காலாண்டிலும் மருத்துவரை முதன்முறை காணும்போது நோயாளி பத்து யூரோ செலுத்த வேண்டும். அதை வாங்கிச் சீட்டுக் கொடுப்பது என் வேலை. எங்கள் தமிழர் விரைவிலேயே ஒரு வழக்கத்துக்கு வந்துவிட்டனர்: காலாண்டின் கடைசி வாரத்தில் எவரும் நோயுறுவதில்லை. வலியைப் பொறுத்துக்கொண்டு முதலாம் திகதிக்குக் காத்திருப்பர். அந்தக் கணக்கை அவர்களுக்குத் தொலைபேசியில் பார்த்துச் சொல்பவள் நான்.

"வியாழனோட குவார்ட்டால் முடியுது அண்ணை. இப்ப வந்தால் பத்து, பிறகு மருந்து கட்ட வரேக்க திருப்பியும் பத்து. நோகேல்லைத்தானே? வெள்ளிக்கிழமை முதல் ஆளாய் வாங்கோ. நேரம் குறிச்சு டெர்மின் போட்டுவிடுறன்."

"நீங்கள் அங்க இருக்கிறது எங்களுக்கு எவ்வளவு சுகம்!"

இவ்விடத்தில் இத்தொழிலுக்கு வரும் இளையோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீரிழிவு நோயாளியின் பாதத்தில் புண் இருந்தும் நோகவில்லையெனில், நரம்பு உணர்விழந்துவிட்டது என்று பொருள். அவரை அன்றே மருத்துவர் காண வேண்டும். இதை நான் பயிற்சிக் காலத்தில் ஜேர்மன் மொழியில் படித்து, தேர்விலும் எழுதித் தேறியவள். ஒரு ஜேர்மானிய முதியவர் அதே சொற்களைத் தம் மொழியில் கூறியிருந்தால், மறுகணமே வரச்சொல்லியிருப்பேன். 'நோகேல்லை' என்று தமிழில் கேட்டபோது, நான் மருத்துவ உதவியாளராக இல்லை, உறவுக்காரியாக இருந்தேன்.

2. மொழிபெயர்ப்பு

வெள்ளிக்கிழமை அவர் முதல் ஆளாய் வந்தார். பத்து யூரோத் தாளை மடிப்பு நீக்கி மேசையில் வைத்தார். காலுறையைக் கழற்றியபோது அறையில் பரவிய வாடையை நான் எழுத விரும்பவில்லை. இரண்டு விரல்கள் கறுத்திருந்தன.

எங்கள் மருத்துவர் அறுபதை நெருங்கிய, குரலுயர்த்தாத அம்மையார். பாதத்தைத் தொட்டபடியே என்னிடம் ஜேர்மன் மொழியில் கூறினார்: "புண்ணை எப்போது கண்டார்? ஏன் இவ்வளவு பிந்தி வந்தார்? கேளுங்கள்."

நான் கேட்டேன். அண்ணை என் முகத்தைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் விரைந்து சொன்னார்:

"நீங்கள் மறிச்சதெண்டு சொல்லிப்போடாதேங்கோ தங்கச்சி. உங்கட வேலைக்குக் கரைச்சல் வரும். தொழிற்சாலையில லீவு தரேல்லை எண்டு சொல்லுங்கோ."

வெளியே மழை தொடங்கியிருந்தது. சன்னலில் நீர் வழிய, தெருவும் மரங்களும் உருவிழந்து கரைந்துகொண்டிருந்தன. என் குரல் அங்கிருந்து வருவதுபோல எனக்கே கேட்டது: "விடுப்புக் கிடைக்கவில்லையாம்."

மருத்துவர் ஒருமுறை அவரையும் ஒருமுறை என்னையும் பார்த்துவிட்டு, ஆம்புலன்ஸை அழைக்கச் சொன்னார்.

3. வாக்கு

பாதத்தைக் காப்பாற்றிவிட்டார்கள், இரண்டு விரல்களைக் காப்பாற்ற முடியவில்லை. புண் ஆறச் சுணங்கியதால் ஆகஸ்ட் மாதத்திலும் அவர் மருத்துவமனையில் இருந்தார். ஓராண்டு முன்தள்ளி வந்த தேர்தலுக்காக விளக்குக் கம்பங்களெங்கும் வேட்பாளர் முகங்கள் ஏறியிருந்தன. அவரைப் பார்க்கப் பேருந்தில் செல்கையில் அவை ஒன்றன்பின் ஒன்றாய் மிதந்து வந்து, சிரித்து, விலகின.

"எனக்கு வோட்டு இல்லை. நீங்கள் ஜேர்மன் பாஸ்போட் எடுத்த ஆள். ஆருக்குப் போடப்போறியள்?" என்றார் அண்ணை.

"ஒரு பெரிய கட்சி, எல்லாரும் உழைப்புக்கேற்ற மாதிரி மருத்துவக் காப்புறுதிக்குக் கட்டச் சொல்லுது. மற்றது தலைக்கு ஒரே தொகை எண்டுது. கட்ட ஏலாதவைக்கு அரசாங்கம் குடுக்குமாம்."

"ஏலாதெண்டு நிரூபிக்க எத்தினை அன்ட்ராக் படிவம் நிரப்போணும்? நிரப்பி முடிய மற்ற விரலும் போயிடும்!" பக்கத்துக் கட்டிலிலிருந்தவர் திரும்பிப் பார்க்குமளவுக்குச் சிரித்தார். பிறகு, "அந்தப் பத்து யூரோவை ஆர் நிப்பாட்டப்போகினமாம்?" என்றார்.

"ரெண்டு பெரிய கட்சியும் சேர்ந்துதான் அதைக் கொண்டுவந்தது அண்ணை."

"அப்ப சரி. விரல் ரெண்டையும் அவையளுக்குச் சரிசமனாய்ப் பிரிச்சுக் குடுங்கோ."

நான் சிரிக்கவில்லை. "நான்தான் உங்களை மறிச்சது" என்றேன். அவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஓம், தெரியும்" என்றார்.

செப்டெம்பர் மாத ஞாயிறொன்றில், ஒரு பள்ளிக்கூடத்தின் வகுப்பறையில் என் முதல் வாக்கை அளித்தேன். வருவாய்க்கேற்பப் பங்களிக்கும் முறைக்கே என் குறியை இட்டேன். விரிப்பு அழுத்துபவரும் தொழிற்சாலையின் தலைவரும் ஒரே தொகை செலுத்துவதை என் மனம் ஏற்கவில்லை; இன்றும் ஏற்காது. ஆனால் அந்த அட்டை மறைப்புக்குள் நின்றபோது, எவரும் காணாத ஓரிடத்தில் என் கருத்தை எழுதுவது எவ்வளவு எளிது என்று தோன்றியது. எழுதுகோல் கையில் எடையற்றிருந்தது.

மறுநாட்காலை, நோயாளிகள் வருமுன், மருத்துவரின் அறைக்குச் சென்றேன். ஜூன் மாதத் திங்கட்கிழமை வந்த அழைப்பையும் நான் கூறிய மறுமொழியையும் வெள்ளிக்கிழமை நான் மாற்றி மொழிபெயர்த்ததையும் சொன்னேன். வேலை போகும் என்று எண்ணியே சொன்னேன்.

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். பின்னர், "அந்த நான்கு நாளில் விரல்கள் பிழைத்திருக்குமா என்று கேட்க வந்தீர்களா?" என்றார்.

"ஆம்."

"எனக்குத் தெரியாது. அதை நீங்கள் சுமக்கத்தான் வேண்டும்." ஒரு குறிப்பேட்டை எடுத்து நீட்டினார். "இன்றிலிருந்து அழைப்பவர் கூறும் முதல் வாக்கியத்தை, அவர் கூறியபடியே எழுதுங்கள். எப்போது வருவது என்பதை நான் முடிவு செய்கிறேன்."

நான் ஓய்வு பெறும்வரை அப்படியே எழுதினேன். தவராசா அண்ணை அமர்ந்து துணி மடிக்கும் பகுதிக்கு மாறினார். நாங்கள் தொடர்ந்து பேசிக்கொண்டோம், முன்போல அல்ல.

மருத்துவச் சீர்திருத்தம் பற்றி என் கருத்து யாது என்று இளையோர் கேட்பதுண்டு. நோயாளிக்கும் மருத்துவருக்கும் நடுவே ஒரு கட்டணத்தை வைத்தால், அதைக் காக்க ஓர் ஆளும் வேண்டியிருக்கும். சட்டமியற்றியோர் அந்த ஆளை நியமிக்கவேயில்லை. நானே போய் நின்றேன். உதவி செய்கிறேன் என்று நம்பிக்கொண்டு.