ஒரே தட்டில் விழுந்த வடையும் நெத்தலியும்

பதினான்கு வருடம் கிளிநொச்சி நகரத்தில் ஒரு புடவைக் கடையில் நின்றேன். வேலை செய்தேன் என்று சொல்லவில்லை, நின்றேன் என்றுதான் சொல்கிறேன். "இதைவிட மங்கலாக இல்லையோ" என்பவர்களுக்கு மங்கலானதை எடுத்துக் கொடுப்பது, அதைப் பார்த்துவிட்டு "எப்பன் கூடப் பளிச்சென்று வேணும்" என்பவர்களுக்கு முதலில் காட்டியதையே திரும்பக் காட்டுவது, எல்லாம் நின்றபடிதான். வேலைக்கு நிற்கும் பெண்கள் உட்காரக்கூடாது என்பது அந்தக் கடையின் சட்டம். முழங்கால் இரண்டும் வீங்கி, ஒருநாள் சேலைக் கட்டுகளுக்குப் பின்னால் கொஞ்சம் குந்திவிட்டேன். முதலாளி கண்டுவிட்டார். அவர் சொன்னதை இங்கே எழுதமாட்டேன். நான் திருப்பிச் சொன்னதை எழுதவே முடியாது. இனி உங்கடை கடைப்படி மிதிக்கமாட்டன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். ஒரு மாதத்தில் வருவீர், இடம் அப்படியே இருக்கும் என்று பின்னால் நின்று சிரித்தார். வீட்டுக்கு, வட்டக்கச்சிக்குப் போகும் பஸ் முழுக்க அந்தச் சிரிப்புத்தான் காதில் கேட்டது.

வீட்டில் பலகாரம் சுடுவதில் நான் கெட்டிக்காரி. தட்டை வடை, முறுக்கு, எள்ளுப்பாகு எல்லாம் கைவரும். ஆனால் பலகாரக் கடை போட்டால் அதிலும் நிற்கத்தானே வேண்டும்! கொழும்பில் குளிரூட்டி திருத்தும் என் தம்பிதான் வழி சொன்னான். அவன் வேலைக்குப் போய்வரும் ஒரு கம்பனிக் கந்தோரை மூடுகிறார்களாம். காசைப் போட்டால் தின்பண்டம் தள்ளிவிடும் இயந்திரம் ஒன்று அங்கே கழித்த விலைக்குக் கிடக்கிறதாம்.

"அக்கா, நீங்கள் நிக்கத் தேவையில்லை. அது நிக்கும்" என்றான்.

வேறு ஒரு கேள்வியும் நான் கேட்கவில்லை. பூசணிக்காய் ஏற்றிக்கொண்டு போன லொறி ஒன்று திரும்பி வரும்போது அதைக் கொண்டுவந்து இறக்கியது. ஆறு ஆம்பிளைகள் சேர்ந்து தூக்கினார்கள்.

வைக்க இடம் தந்தவர் இரத்தப் பரிசோதனை நிலையம் நடத்தும் ஒரு ஐயா. சீனி வருத்தம் பார்க்க வருகிற சனம் துணுக்காயிலிருந்தெல்லாம் விடியவே வெறும் வயிற்றோடு வரும். இரத்தம் கொடுத்ததும் கண் இருட்ட, தேத்தண்ணிக் கடை தேடி வீதிக்கு ஓடும். அந்தச் சனத்துக்கு இது உதவும் என்று நான் சொன்னது அவருக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் ஒரு மாதம் பார்ப்பம், சரிவராட்டில் எடுத்துப் போடுங்கோ என்றார். அவரும் ஒரு மாதம் என்றதும் முதலாளி சொன்ன ஒரு மாதம் நினைவுக்கு வந்தது.

தம்பி தொலைபேசியில் முகத்தைக் காட்டிக்கொண்டு சொல்லச் சொல்ல நான் அடுக்கினேன். கண்ணாடிக்குப் பின்னால் தட்டுத் தட்டாகச் சுருள் கம்பிகள். கம்பியின் ஒவ்வொரு வளைவுக்குள்ளும் ஒரு பக்கற் வைக்கவேண்டும். இலக்கத்தை அமத்தினால் கம்பி சுற்றும், முன்னுக்கு நிற்கும் பக்கற் கீழே உள்ள பெட்டித் தட்டில் விழும். முறுக்கை மேலே வைத்தேன். முறுக்காக ஏறியது மாவாக இறங்கியது. பிறகு முறுக்கையும் வடையையும் கீழ்த் தட்டுக்கு இறக்கி, விழுந்தாலும் கவலைப்படாத கச்சான் கடலையை மேலே ஏற்றினேன். கொக்கிளாயில் கருவாடு போடும் ஒரு அக்கா அனுப்பிய நெத்தலியைக் கச்சானோடு பொரித்து உறைப்புப் போட்டதற்கு நடுத் தட்டு. எல்லாம் அடுக்கி முடிந்து விளக்கைப் போட்டபோது எனக்கே எச்சில் ஊறியது.

என் மனுசன் வயல்காரன். போகம் தொடங்கும்போது உழவு இயந்திரத்துக்குச் சந்தனம் வைக்காமல் ஏறமாட்டார். இதுவும் இயந்திரம்தானே என்று நல்ல நேரம் பார்த்துக் கண்ணாடியில் திருநீற்றை மூன்று குறியாக இழுத்து, காசு போடும் வாய்க்கு மேலே நல்ல உருண்டையாக ஒரு சந்தனப் பொட்டும் வைத்தார். அதன்பின் இரண்டு நாள் அது ஒருவர் காசையும் வாங்கவில்லை. என்ன தாளைக் கொடுத்தாலும் திரும்பத் துப்பியது. சனத்தின் தாளிலும் பிழை இருந்ததுதான், எட்டாக மடித்துச் சட்டைக்குள் வைத்த தாளை எந்த இயந்திரம் வாங்கும்? ஆனால் புதுத் தாளையும் துப்பினால்? தம்பியிடம் முகப்பைக் காட்டினேன். இன்னும் கிட்டக் காட்டச் சொல்லிப் பார்த்தான்.

"அக்கா, காசு பாக்கிற கண்ணிலை ஆர் பொட்டு வைச்சது?" என்றான்.

மனுசனைப் பார்த்தேன். அவர் மாட்டுக்குத் தண்ணி வைக்கவேண்டும் என்று எழும்பிப் போய்விட்டார்.

பொட்டைத் துடைத்தபின் வியாபாரம் சூடு பிடித்தது. நான் காலையில் அடுக்கிப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிக்கொண்டு கிடந்தேன். அந்த ஒரு கிழமை முழுக்க நான் மகாராணி. பிறகு வெள்ளிக்கிழமை வந்தது. அன்றைக்கு வடை ஒன்றுகூடப் போகவில்லை. என்ன கோதாரி என்று அடுத்த வெள்ளி அங்கேயே இருந்து பார்த்தேன். இரத்தம் கட்டியாகாமல் இருக்கக் குளிசை எடுக்கும் ஒரு ஓய்வுபெற்ற ரீச்சர் வெள்ளிக்கு வெள்ளி வருவா. அவா காசைக் கையில் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றா. முன்னால் நின்றவருக்கு நெத்தலிப் பக்கற் தொப்பென்று விழுந்தது. அவா காசைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டா.

"தங்கச்சி, நான் வெள்ளி விரதம். நெத்தலி விழுந்த தட்டிலையோ என்ரை வடையும் விழும்?"

"பக்கற்றுக்குள்ளை ஒட்டிக் கிடக்குது, ரீச்சர்."

"சட்டியும்தான் மூடியோடை கிடக்குது. அதுக்காக மச்சச் சட்டியிலை பொங்கலாமோ?"

என் குசினியில் மச்சச் சட்டி வேறு, மரக்கறிச் சட்டி வேறு. அகப்பைகூட வேறு. மருமகள் ஒருநாள் மீன் குழம்புக் கரண்டியைச் சாம்பாருக்குள் விட்டதற்கு அந்தச் சாம்பார் முழுவதையும் தென்னைக்கு ஊற்றிய ஆள் நான். அப்பேர்ப்பட்ட நான் மச்சத்தையும் மரக்கறியையும் ஒரே தட்டில் விழ விட்டிருக்கிறேன். ரீச்சர் மெதுவாகத்தான் சொன்னா, ஆனால் முப்பது வருடம் வகுப்பு எடுத்தவாவின் மெதுவு அது. வரிசையில் கடைசியில் நின்றவருக்கும் கேட்டது. விரதம் இல்லாத நாளிலும் அந்தத் தட்டை ஒரு மாதிரிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

நெத்தலியை எடுத்துவிட்டேன். அது இல்லாததால் நெத்தலிக்காரர் வரவில்லை, அது விழுந்திருந்ததால் வடைக்காரரும் வரவில்லை. தட்டுத் தீட்டுப்பட்டுவிட்டது, தீட்டைக் கழித்தால் சரி என்று எனக்கு ஒரு விசர் யோசினை. மூன்றாவது வெள்ளி, எல்லாரும் பார்க்கட்டும் என்று சனம் நிறைந்த நேரமாகப் பார்த்து, செம்பு நிறைய மஞ்சள் தண்ணியும் மாவிலையுமாகப் போனேன். முதலில் மாவிலையால் தெளித்தேன். ரீச்சர் பார்த்துக்கொண்டிருந்தா. தெளித்தது மட்டும் காணாது என்று பட்டது. செம்போடு ஊற்றிக் கழுவினேன்.

டப் என்று ஒரு சத்தம். ட்ரிப் சுவிச் விழுந்து கட்டிடம் முழுக்க இருண்டது. காற்றாடி நின்றது, இரத்தம் பார்க்கும் கருவிகள் எல்லாம் நின்றன. உள்ளே ஊசியோடு இருந்த ஒருவர், எடுத்தாச்சோ, இன்னும் எடுக்கிறீங்களோ என்று இருட்டுக்குள் கேட்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தது என்பது இதுதான்.

ஐயா என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் திருப்பி ஏசலாம். காலையிலிருந்து ஓடிய பரிசோதனை எல்லாம் திரும்பச் செய்யவேண்டும் என்று மட்டும் சொன்னார். பிறகு, "வாற வெள்ளி எடுத்துப் போடுங்கோ" என்றார்.

பின்பக்கம் தண்ணித் தாங்கிக்குப் பக்கத்தில் போய் நின்று அழுதேன். வெட்கத்தில் பாதி, முதலாளியின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றதில் பாதி.

அந்தக் கிழமை இயந்திரத்தில் விளக்கு மட்டும் எரிந்தது, கம்பி சுற்றவில்லை. சொன்ன வெள்ளி வந்தது. உழவு இயந்திரத்தில் இழுவைப் பெட்டியைக் கொழுவிக்கொண்டு பத்து மணிக்கு வரச்சொல்லி மனுசனிடம் சொல்லிவிட்டு, பலகாரத்தை இறக்கிக் கூடையில் போட இயந்திரத்தின் முன்கதவைத் திறந்தேன். புடவைக் கடைக்குத் திரும்பிப் போய் முதலாளியிடம் முதல் வார்த்தையாக என்ன சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

அப்போது இரத்தம் கொடுத்துவிட்டு வந்த ஒரு பெண் என் பக்கத்தில் சுவரைப் பிடித்தபடி சரிந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது. கைக்கு வந்த எள்ளுப்பாகை உரித்து அவள் கையில் வைத்தேன். அவள் சாப்பிட்டு மூச்சு விடுவதை வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. ரீச்சர் எழும்பி வந்தா.

"தங்கச்சி, அந்த வடை தட்டிலை விழேல்லைத்தானே?"

"இல்லை ரீச்சர். கம்பியிலை இருந்தது. என்ரை கையாலை எடுக்கிறன்."

"அப்ப ரெண்டு தாரும்."

அவ்வளவுதான். இரத்தம் கொடுத்து முடித்தவர்கள் எல்லாம் எழும்பி வந்தார்கள். எட்டாக மடித்த தாளை நான் வாங்கினேன், ஈரத் தாளை வாங்கினேன், சில்லறையும் கொடுத்தேன். முறுக்கு முறுக்காகவே போனது. நெத்தலி எங்கை என்று ஒருவர் கேட்க, நாளைக்கு வேறு தட்டில் வரும் என்று வாய் தானாகச் சொன்னது. நாளைக்கு என்று ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. மனுசன் வெளியில் வந்து ஹோர்ன் அடித்தார். நான் போகவில்லை.

ஐயா சத்தம் கேட்டு வெளியே வந்தார். கதவு ஆவென்று திறந்து கிடந்த இயந்திரத்தையும் ஏறக்குறைய வெறுமையாய்க் கிடந்த கம்பிகளையும் பார்த்தார். லைற் போட்ட அலுமாரி என்றார் தனக்குத்தானே. பிறகு என்னைப் பார்த்தார்.

"சரி, இது இருக்கட்டும். ஆனால் கதவைப் பூட்டாதேங்கோ. நீங்களும் பக்கத்திலை நில்லுங்கோ."

சந்தோசத்தில் கும்பிட்டிருக்க வேண்டும். ரீச்சர்கூட அதைத்தான் எதிர்பார்த்தா. எனக்கோ அந்தக் கடைசிச் சொல்லில் பதினான்கு வருடக் கோபமும் உச்சிக்கு ஏறியது.

"நிக்கமாட்டன், ஐயா. கதிரை ஒண்டு தாங்கோ, இருக்கிறன்."

ஐயா என் முகத்தைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். பிறகு நோயாளிகளின் வரிசையில் கடைசிக் கதிரையைத் தானே இழுத்துவந்து இயந்திரத்துக்குப் பக்கத்தில் போட்டார். நான் உட்கார்ந்தேன். கச்சான் பக்கற் ஒன்று மட்டும் மிஞ்சிக் கிடந்தது. அது தனக்கு வேணும் என்று ஐயாவே கேட்டார். நான் எழும்பவில்லை. இருந்தபடியே எட்டி எடுத்துக் கொடுத்தேன்.