வெள்ளையடிக்காத சுவர்

குஞ்சம்மாளுக்கு அந்த ஊரில் ‘கரிக்கட்டை’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. வைத்தவள் நாத்தனார் பொன்னாயி. நிறத்தைப் பார்த்து வைத்த பெயர் அல்ல. குஞ்சம்மாள் நல்ல சிவப்பு. 1935, 36 வருஷங்களில் மடியில் எந்நேரமும் ஒரு கரித்துண்டை முடிந்துகொண்டு திரிந்தாளே, அதற்காக. ஊர் சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும், கடைசியில் யார் வாயடைத்து நின்றார்கள் என்பதுதானே பேச்சு!

வெண்ணந்தூருக்கு மேற்கே இரண்டு மைலில் அவர்கள் தோட்டம். புருஷன் காளியண்ணன் வாயில்லாப் பூச்சி. ஒரே மகள் அத்தாயிக்கு நாலு வயசில் காக்காய் வலிப்பு வந்தது. மந்திரித்தார்கள், வேப்பிலை அடித்தார்கள், எவனோ ஒரு புண்ணியவான் நெற்றியில் சூடுகூட வைத்தான். வலிப்பு மட்டும் வாரத்துக்கு மூன்று தரம் தவறாமல் வந்தது. அடுப்பண்டை போகாதே, கிணற்றை எட்டிப் பார்க்காதே, ஏணியில் கால் வைக்காதே என்றே பிள்ளை வளர்ந்தது. கிணற்றுமேட்டில் வேலை இருந்தால் குஞ்சம்மாள் தன் முந்தானையை அதன் இடுப்போடு முடிந்துகொள்வாள்.

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு சின்ன ஆசுபத்திரியில் டாக்டர் வெங்கடாசலம் பிள்ளைகளின் வலிப்புக்கு மருந்து தருகிறார் என்று கேள்விப்பட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அங்கே முதலில் கிடைத்தது புரோமைடு தண்ணீர். வலிப்பு கொஞ்சம் குறைந்தது, வாஸ்தவம். ஆனால் பிள்ளை முகமெல்லாம் கொப்புளம் வெடித்து, சோற்றில் கை வைத்தபடியே தூங்கி விழுந்தது. எட்டு வயசுப் பிள்ளை அம்மா என்று கூப்பிடக்கூட வாய் குழறினால் பெற்றவள் வயிறு எரியாதா?

அந்த ஐப்பசியில் டாக்டர் ஒரு சோதனை தொடங்கினார். இருபத்திரண்டு பிள்ளைகள். பாதிப் பேருக்குப் பழைய தண்ணீர், பாதிப் பேருக்குப் பினோபார்பிடோன் என்ற புது மாத்திரை. எது நல்லது என்று ஒரு வருஷம் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். அத்தாயி மாத்திரைப் பக்கம் விழுந்தாள்.

“தினமும் கொடுக்கணும். வலிப்பு வந்த நாளைத் தவறாமல் சொல்லணும். எழுதத் தெரியுமா?” என்று கேட்டார் டாக்டர்.

“தெரியாதுங்க சாமி. தயிர் ஊத்துற ஊடுகள்ல செவுத்துல கோடு போடுவனுங்க. அது தெரியுமுங்க.”

டாக்டர் சிரித்துவிட்டார். “அது போதும், போடு.”

போட்டாள். நடுவீட்டுச் சுவரில் மாத்திரை கொடுத்தால் ஒரு கரிக்கோடு. வலிப்பு வந்தால் செங்காவியில் ஒரு புள்ளி. மாசக் கணக்குக்கு அமாவாசைதோறும் ஒரு மஞ்சள் வட்டம். முதல் வட்டம் வருவதற்குள் நாலு சிவப்புப் புள்ளி. இரண்டாவதற்குள் ஒன்று. அப்புறம் வெறும் கரிக்கோடுதான், வரிசை வரிசையாக. பிள்ளை முகம் தெளிந்தது. பல்லாங்குழி ஆடி அப்பனைத் தோற்கடித்தது.

பங்குனிக் கடைசியில் மாரியம்மன் நோம்பி வந்தது. நோம்பி என்றால் வீடெல்லாம் சுண்ணாம்பு அடித்தாக வேண்டும். குஞ்சம்மாள் அந்த ஒரு சுவரை மட்டும் தொடவிடவில்லை.

“ஏனம்மிணி, ஆத்தா வார நாள்ல ஊட்டுக்குள்ள கரியும் காவியுமா? மூதேவி குடியிருக்கிற ஊடாட்டம் இருக்குது!” என்று பொன்னாயி கத்தினாள்.

“எம்மேல வேணும்னா அடிங்க சுண்ணாம்பை. செவுத்து மேல கை வெச்சா நான் மனுசியா இருக்க மாட்டனுங்க!”

சுவரில் ஜெயித்தவள் மற்றொன்றில் தோற்றாள். கோயிலில் பூச்சாட்டி நோம்பியைத் தொடங்கிவிட்டால் அந்தப் பக்கத்து ஊர்களில் பதினைந்து நாள் தாளிப்பு இல்லை, மருந்து மாத்திரை இல்லை. ஆத்தா இருக்கும் வீட்டில் வேறு வைத்தியம் நுழைந்தால் கோபித்துக்கொள்வாள். இது பொன்னாயி சொன்னது மட்டுமல்ல, குஞ்சம்மாளே நம்பியது. மாத்திரையை எடுத்து உறியில் வைத்துவிட்டாள். மூன்று நாள் ஒன்றுமில்லை. நாலாம் நாள் பிள்ளை களத்தில் விழுந்தது. பிறகு விடாமல் விழுந்தது. அந்தப் பதினைந்து நாளில் பதினொரு சிவப்புப் புள்ளி. கரிக்கோடு ஒன்றுகூட இல்லை. ஆனாலும் ஒரு புள்ளியையும் விடாமல் வைத்தாள். நோம்பி முடிந்த மறுநாள் முதல் வேலையாக உறியை இறக்கினாள்.

அந்த மாசம் ஆசுபத்திரியில் டாக்டர் முகம் செத்துக் கிடந்தது. மாத்திரைப் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் அத்தாயியைப் போலவே இராசிபுரத்துப் பக்கம். அத்தனை பேருக்கும் வலிப்பு திரும்பியிருந்தது.

“மாத்திரையை நிறுத்தினீங்களா?”

“இல்லீங்க, தவறாமக் கொடுத்தமுங்க” என்றார்கள் எல்லாத் தாய்மாரும். ஆத்தா பேரைச் சொன்னால் துரத்திவிடுவார் என்ற பயம். குஞ்சம்மாளும் தலையைக் குனிந்துகொண்டு அதையே சொன்னாள்.

“அப்போ இந்த மாத்திரை ஆறு மாசத்துக்குமேல் தாங்காது என்றுதான் எழுதணும். இன்றோடு சோதனையை முடிச்சுக்கலாம். எல்லாரும் பழையபடி தண்ணிக்கே போங்க.”

புரோமைடு புட்டி அவள் கைக்கு வந்தது. அத்தாயி அதைப் பார்த்துவிட்டு முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். அவ்வளவுதான், குஞ்சம்மாளுக்குப் பொறுக்கவில்லை. புட்டியை மேசைமேல் டொக்கென்று வைத்தாள்.

“பொய்யுங்க சாமி. நோம்பிக்குப் பதினஞ்சு நாள் நான் கொடுக்கலீங்க.”

மற்ற பெண்கள் அவளை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தார்கள். டாக்டருக்கும் சந்தேகம். “மாத்திரை வேணும்கிறதுக்காக இப்போ மாத்திச் சொல்றியா?”

“எம்பேச்சை நம்ப வேண்டாமுங்க. செவுரு சொல்லுமுங்க. அதைத் தூக்கியார முடியாது, நீங்கதான் வரோணும்.”

வந்தார் மனுஷன்! அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெண்ணந்தூர் வரை மோட்டாரில், அங்கிருந்து காளியண்ணன் வண்டியில். ஊரே வாசலில் கூடிவிட்டது. கரிக்கட்டை மாட்டிக்கொண்டாள் என்று பொன்னாயி கதவோரம் நின்றாள். டாக்டர் சுவர் முன்னால் நின்று ஒரு கோடு விடாமல் காகிதத்தில் எடுத்துக்கொண்டார். எடுக்க எடுக்க அவர் முகம் மாறியது.

“கோடு நின்னுது, நாலாம் நாள் புள்ளி வந்துது. கோடு திரும்பவும் வந்துது, எட்டே நாள்ல புள்ளி போச்சு!” என்று உரக்கச் சொன்னார். “மருந்து மேல குத்தமே இல்லேம்மா. திடீர்னு நிறுத்தினதுதான் குத்தம். இதைப் பார்க்காமல் நல்ல மாத்திரையைக் குப்பையிலே போட இருந்தேனே!” சொல்லிவிட்டு அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பொன்னாயி அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

மற்ற தாய்மாரிடம் அவர் கோபிக்கவில்லை. “உங்க ஊரில் நோம்பி எப்போ?” என்று மட்டும் கேட்டார். ஒவ்வோர் ஊரின் நோம்பியும் அந்த ஊர்ப் பிள்ளை விழுந்த நாட்களும் அச்சாகப் பொருந்தின. சோதனை நிற்கவில்லை. வருஷக் கடைசியில் மாத்திரைதான் மேல் என்று எழுதினார். திடீரென்று நிறுத்தாதீர்கள் என்றும் சேர்த்து எழுதினார். அதில் குஞ்சம்மாள் பேர் இல்லை. அவள் அதைக் கேட்கவும் இல்லை. அவளுக்கு வேறு வேலை இருந்தது.

மறு வருஷப் பூச்சாட்டுக்கு முன்னாலேயே பூசாரி சின்னுசாமியைப் பிடித்தாள். “மாத்திரைப் பொட்டணத்தை ஆத்தா பாதத்துல வெச்சுக் கொடுங்க. அப்புறம் அது மருந்தா, பிரசாதமுங்களா?” பூசாரி தலையைச் சொறிந்தார், வேப்பிலையால் தலையைத் தட்டிக்கொண்டார், பிரசாதம்தான் என்று ஒப்புக்கொண்டார். அந்த வட்டாரத்தில் எத்தனை பொட்டணம் ஆத்தா பாதத்துக்குப் போயின தெரியுமா!

நோம்பிக்கு ஒரு வாரம் இருக்கையில் குஞ்சம்மாள் சுண்ணாம்பு கரைத்தாள். சுவரில் பத்து மஞ்சள் வட்டமாகச் சிவப்பு இல்லை. சுண்ணாம்பு அடிக்கும் மட்டையை எடுத்து மகளிடம் நீட்டினாள்.

“நீயே அடி, சாமி.”

“மேல எட்டாதும்மா. ஏணி வேணுமே?”

காளியண்ணன் ஏணியைக் கொண்டுவந்து சாத்தினார். அத்தாயி ஒவ்வொரு படியாக ஏறி உச்சிக்குப் போய், மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்து முதல் வீச்சு வீசினாள். பிடிச்சுக்க பிடிச்சுக்க என்று பொன்னாயி பதறினாள். குஞ்சம்மாள் ஏணியைப் பிடிக்கவில்லை. இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, மகள் வெள்ளையடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.